ரோசாப்பூ துரையும் வைக்கம் வீதியும்

மதுரை யானைக்கல் வழியாகப் போய்வராத பங்கு மக்கள் நம்மிடையே இல்லை. ஆயினும் அங்கே நிற்கும் ஜார்ஜ் ஜோசப் சிலையை ஏறிட்டுப் பார்த்தவர் யார் யாரெனக் கேட்டால் கை தூக்குவோர் சிலராகவே இருப்பர். ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறும் கொடை தந்தோர் பட்டியலும் இருந்தால் போதும் என்பாரும் உண்டு. அவற்றை எழுத வேறு அன்பர்கள் இருக்கிறார்கள். நம் மதுரை மண்ணில் வாழ்ந்து இங்கேயே மடிந்த ஒரு கிறிஸ்தவ வழக்கறிஞரின் உள்ளத்தில் எழுந்த போராட்டத்தை நாம் இங்கே சொல்ல விழைகிறோம்.

அவர் பிறப்பால் மலையாளி. திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் செங்கன்னூரில் 1887-ஆம் ஆண்டு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் பயின்று, இலண்டனில் பாரிஸ்டரானார். 1909-இல் தாயகம் திரும்பிப் பின்னர் மதுரையில் தொழில் நடத்தினார். 1918-இல் இங்குள்ள ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். அதே ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையார் சுயாட்சிக்கு ஆதரவு தேட அவரை இங்கிலாந்துக்கு அனுப்ப, ஜிப்ரால்டரிலேயே வழிமறித்துத் திருப்பி அனுப்பியது ஆங்கில அரசு. ஒத்துழையாமை இயக்கம் வந்தது. நல்ல வருவாய் தந்த வக்கீல் தொழிலை உதறினார். அலகாபாத் சென்று மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டண்ட்' இதழின் ஆசிரியரானார்; அதற்காக இலட்சுமணபுரிச் சிறையில் ஜவாஹர்லாலோடு இருந்தார். காந்தியடிகள் சிறையிலிருந்த 1923-ஆம் ஆண்டில் அவருடைய 'யங் இந்தியா' இதழே ஜோசப்பின் கையில் ஒப்படைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. தம் எழுதுகோலையே நம்பிக் கொடுக்கும் அளவுக்கு அவர் அடிகளுக்கு நெருங்கியவர்.

இப்படிப்பட்ட இருவருக்கும் இடையேதான் 1924-இல் வைக்கம் வந்து நின்றது.

திருவிதாங்கூரில் வைக்கம் மகாதேவர் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. கோவிலுக்குள் நுழைவதைப் பற்றிய பேச்சே அன்று இல்லை, வெறும் வீதி. அந்த வீதியில் கிறிஸ்தவர் நடக்கலாம், முகமதியர் நடக்கலாம். ஈழவர் ஒருவர் இன்று திருமுழுக்குப் பெற்றால் நாளை நடக்கலாம்! அதாவது ஜார்ஜ் ஜோசப்புக்குத் தடையில்லை. அவரோடு கூட வரும் ஈழவத் தோழருக்கே தடை. மார்ச் 30-ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. முன்னணியினர் கைதானதும் ஜோசப் தலைமையேற்றார். அப்போது காந்தியடிகளிடமிருந்து கடிதம் வந்தது: இது இந்துக்கள் தங்களைத் தாங்களே தூய்மை செய்துகொள்ள வேண்டிய காரியம், அதை அவர்களிடமே விட்டுவிடும் என்பது அதன் கருத்து. பின்னர் அகாலிச் சீக்கியர் அங்கே நடத்திய இலவசச் சமையற்கூடத்தையும் அடிகள் விரும்பவில்லை.

ஜோசப்பின் உள்ளம் இதை ஏற்கவில்லை. ஏப்ரலில் அவரும் கைதாகிச் சிறை சென்றார். தலைவர்கள் உள்ளே போன பின், கேரளத்தார் அழைக்க, பெரியார் ஈ.வெ.ரா. ஈரோட்டிலிருந்து வைக்கம் சென்றது யாவரும் அறிந்ததே. 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்க வீதிகள் திறந்தன. கிழக்கு வீதி மட்டும் அடைபட்டே கிடந்தது. 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே அத்தடைகள் நீங்கின.

குருமடத்தில் நாம் நன்னெறியியல் படித்த நாளில், ஐயங்களுக்கு விடை தரும் இலத்தீன் பாடங்கள் ஒழுங்காக இருந்தன. ஜோசப்பின் ஐயம் அவற்றில் இல்லை. அரசனுக்குப் பணிவதா, மனச்சாட்சிக்குப் பணிவதா என்ற கேள்வியோடு 1535-இல் தலை கொடுத்த புனித தாமஸ் மூரைத் திருச்சபை 1935-இல் பீடத்தில் ஏற்றியது; இராபர்ட் போல்ட் என்பார் அவரை நாடகமாக்க, உலகமே பார்த்தது. ஆனால் மூருக்கு எதிரே நின்றவன் எட்டாம் ஹென்றி. ஜோசப்புக்கு எதிரே நின்றவரோ அவர் உயிராய் மதித்த நல்லவர். இரண்டாவது சோதனையே கடினமானது என்பது நம் கருத்து.

அடிகளின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவர் பாவத்துக்கு மற்றொருவர் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. இதைக் குருக்களாகிய நாம் நன்கறிவோம். ஆனால் வீதி என்பது ஊர்ப் பொது. அதில் நடப்பது குடிமகனின் உரிமை. அது தடுக்கப்படும்போது எதிர்த்துக் கேட்க மதச் சான்றிதழ் எதற்கு? வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் அவனுடைய சமயத்தானா? இவ்விடத்தில் நாம் ஜோசப்பின் பக்கமே நிற்கிறோம்.

அப்படிச் சொல்லும்போதே கூச்சமும் வருகிறது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், கோவிலுக்குள்ளேயே சாதி பிரித்து நின்ற சுவரை இயேசு சபைக் குரு கௌசானல் அடிகள் 1910 வாக்கில் இடித்தபோது, அதை எதிர்த்து வழக்குமன்றம் ஏறியவர்களும் கத்தோலிக்கரே. காந்தியடிகள் வகுத்த நெறிப்படி அந்தச் சுவரை இடிக்க வேண்டியவர்கள் நாமே அல்லவா? கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு மூலை ஒதுக்கிய ஊர்களும் நம் தமிழகத்தில் உண்டு. பங்கு மக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்; எழுதாமல் விட மனம் வரவில்லை.

வைக்கத்துக்குப் பின் ஜோசப் காங்கிரசை விட்டு விலகினார். ஆனால் மதுரையை விடவில்லை. நம் வாடிப்பட்டிக்குத் தெற்கே சோழவந்தானையும் வைகையையும் கடந்து நாகமலைக்கு அப்பால் போனால் பிரமலைக் கள்ளர் நாடு. அம்மக்களையெல்லாம் பிறவிக் குற்றவாளிகளாக்கியது குற்றப் பரம்பரைச் சட்டம். நம் பக்கத்து வழக்கில் 'ரேகைச் சட்டம்'. ஆடவர் விரல் ரேகை பதிய வேண்டும்; இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும்; வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி வெடித்து 16 பேர் மாண்டனர். அச்சட்டத்தை எதிர்த்து ஜோசப் பத்திரிகைகளில் எழுதினார். அம்மக்களுக்காகப் பல வழக்குகளில் வாதாடினார். வேறு மதத்தார் எங்கள் காரியத்தில் ஏன் தலையிடுகிறீர் என்று அங்கே எவரும் அவரைக் கேட்கவில்லை. ஜோசப் என்ற பெயர் நாவில் வராத அம்மக்கள், 'ரோசாப்பூ துரை' என்றே அவரை அழைத்தார்கள்.

1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசரைச் சிக்க வைத்தபோது, வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து வாதாடி அவரை மீட்டார். பின்பு காங்கிரசுக்கே திரும்பி, 1937-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே நெடுநாள் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1938 மார்ச் 5-ஆம் நாள் மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் ஐம்பதாம் வயதில் காலமானார். ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947-இல். நாடெங்கும் நீங்கியது 1952-இல்.