அடேலி நிலம்

அண்டார்க்டிகாவில், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கிழக்குத் தீர்க்கரேகை 136 முதல் 142 பாகை வரையுள்ள கடற்கரையும், அதன் பின்னே தென்துருவம்வரை குறுகிச் செல்லும் நிலமும். பிரான்ஸ் உரிமை கோரும் பகுதி.

1840 ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி துய்மோன் துர்வில் இக்கரையைக் கண்டார். கரை என்ற பேர்தானே தவிர, எதிரே நின்றது செங்குத்தான பனிச்சுவர். கால்வைக்க இடமில்லை. அருகிலிருந்த சிறு பாறைத்தீவில் அவருடைய ஆட்கள் இறங்கிக் கொடி நட்டார்கள்; கல் உடைத்து எடுத்துக்கொண்டார்கள்; போர்தோ ஒயினும் அருந்தினார்கள்.

அடேல் என்பது அவர் மனைவியின் பெயர். மூன்று நெடும்பயணங்களுக்குச் சம்மதித்து அவரைப் பிரிந்திருந்ததற்கு நன்றியாம்! கடுங்குளிரில் யாரும் வாழாத ஒரு கரையைப் பரிசளித்தது பொருத்தமா என்று அந்த அம்மாள்தான் சொல்ல வேண்டும்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள அடேலி பெங்குயினின் பெயர்தான் நிலத்துக்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ்: நிலத்துக்கு முதலில், பறவைக்கு அடுத்து, 1841இல்.

மேற்கே ஒட்டியுள்ள கிளாரி கரைக்கும் அதே பயணத்தில்தான் பெயரிட்டார்கள். கிளாரி, உடன்வந்த செலே கப்பலின் தலைவர் ஜாக்கினோவின் மனைவி.