எத்தியோப்பிய அரசமைப்பு 39ஆம் உறுப்பு: உரை

1995 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இவ்வரசமைப்பு, கூடி வாழ்தலையும் பிரிந்து போதலையும் ஓர் உறுப்பினுள்ளே வைத்து முறைசெய்தது.

'ஒவ்வொரு தேசமும் தேசிய இனமும் மக்களும்': பெயர் மூன்றாயினும் பொருள் ஒன்றே, ஐந்தாம் உட்பிரிவு மூன்றற்கும் ஒரே இலக்கணம் கூறலின். 'ஒவ்வொரு' என்றது, பெருந்தொகையினராகிய ஒரோமோக்களுக்கும் சிறுதொகையினராகிய ஹராரிகளுக்கும் உரிமை ஒரு நிகர் என்பது தோன்ற நின்றது.

'பிரிந்து செல்லும் உரிமை உட்பட, நிபந்தனையற்ற சுயநிர்ணய உரிமை': சுயநிர்ணயமாவது தன் ஆட்சியைத் தானே வகுத்துக்கொள்ளுதல். 'உட்பட' என்றமையின் பிரிவு அதன் ஒரு கூறேயன்றி முழுமையன்று. ஆகலின் மொழி, பண்பாடு, வரலாறு, தன்னாட்சி, நடுவணரசிற் பங்கு என்பன முன்வைத்து, பிரியும் நெறியைப் பின்வைத்தார். முன்னவை பெற்றார் பின்னதை நாடார் என்பது இவ்வைப்புமுறையாற் போந்த கருத்து.

'தன் மொழியில் பேசவும் எழுதவும் அதனை வளர்க்கவும்': ஹைலே செலாசி பேரரசர் காலத்துப் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அம்ஹாரியமே ஆண்டது, ஒரோமோச் சிறுவன் தாய்மொழியை வாயிலில் விட்டே வகுப்பிற் புகுந்தான். 1991க்குப் பின்னரே ஒரோமோ மொழி 'குபே' என்னும் இலத்தீன் எழுத்துமுறையோடு பாடநூலேறிற்று. 'பேசவும்' என்றொழியாது 'எழுதவும்' என்றது இக்குறை நோக்கி என்க.

அஃதேல், நிபந்தனையற்றது என்றவர், நான்காம் உட்பிரிவில் இனத்தின் சட்டமன்றத்து மூன்றில் இரு பங்கினர் இசைவு, நடுவணரசு நடத்தும் பொதுவாக்கெடுப்பு, அதிற் பெரும்பான்மை, அதிகாரக் கையளிப்பு, சொத்துப் பகுப்பு என ஐந்து வைத்தது முரணாம் எனின், அற்றன்று. அவை உரிமைக்கு வரம்பல்ல. அதனைச் செயற்படுத்தும் முறைக்கே வரம்பு. பிரிவு கேட்டாரைக் குற்றவாளியாக்காமை முன்னதன் பயன்; ஒருநாட் சினத்தால் நாடு பிளவாமை பின்னதன் பயன்.

'மூன்றாண்டுக்குள்': அரசு காலம் நீட்டி உரிமையை நீர்த்துப்போகச் செய்யாமைப் பொருட்டுப் பொதுவாக்கெடுப்புக்கு மேலெல்லை கூறினார். கீழெல்லை கூறாராயினும், இடைப்பட்ட காலம் இருசாராரும் குறை பேசித் தீர்த்தற்கு உரியது எனக் கொள்க. இந்நெறியில் இதுகாறும் எவ்வினமும் இறுதிவரை சென்றதில்லை. 2020 நவம்பரில் மூண்ட திக்ரே போரோ ஈராண்டு மாந்தரை மாய்த்தது; நெறி ஏட்டிலிருந்தும் வாக்குப்பெட்டிக்கு முன் துப்பாக்கி பேசியது பெருந்துயரம்.

'சட்டம் வகுத்தவாறு சொத்துப் பகுத்தல்': சொத்து என்றது உபலக்கணம், எல்லையும் நாணயமும் உடன்கொள்ளப்படும். எரித்திரியா 1993இல் வாக்கெடுப்பால் அமைதியாகவே பிரிந்தது. ஆயினும் எல்லைக்கோடு நிலத்தில் இடப்படவில்லை. 1997இல் அந்நாடு நக்ஃபா என்னும் தன் நாணயத்தை வெளியிட, வணிகம் முறுகியது. மறு ஆண்டே பத்மே என்னும் சிற்றூரைப் பற்றிப் பெரும்போர் எழுந்தது. வாக்கெண்ணிக்கையோடு பிரிவு முற்றாது, பகுப்பும் முடிந்தபின்னரே முற்றும் என இதனை ஈற்றில் வைத்ததன் பொருத்தம் இப்பின்னிகழ்வாற் புலனாம்.