பட்டின் பசையும் காயத்தின் பசையும்

ஆரணியில் நெய்யப்படும் பட்டின் கச்சா நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்கிய பின்னரே சாயமேற்றுவர். பட்டுப்புழு தன் கூட்டை ஒட்டிக் கட்டும் அப்பசைக்குச் செரிசின் என்று பெயர். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுவே. நெசவாளர் மென்மைக்காக நீக்கும் இப்பசையை, அறுவை மருத்துவத்தார் நோயாளியின் நலன் கருதி நீக்கினர். பசை நீங்காத பட்டிழையால் தைத்த காயங்களில் ஒவ்வாமை தோன்றியதே அதற்குக் காரணம். ஒட்டும் ஆற்றல் வேறு, உடல் அதனை ஏற்பது வேறு என்னும் பாடத்தை இதிலிருந்து நாம் பெறுகிறோம்.

காயத்தை ஒட்டவைக்கும் வேட்கை மிகப் பழையது. இப்னு ஸீனா (980–1037) தமது 'கானூன்' நூலில் அன்ஸரூத் என்னும் பிசினைக் குறிப்பிடுகிறார். அதன் கிரேக்கப் பெயருக்குத் 'தசைப் பசை' என்பதே பொருள். 1013 அளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தமது 'தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில், கிழிந்த குடலைப் பெரிய தலையுடைய எறும்புகளைக் கடிக்கச் செய்து இணைக்கும் முறையையும், விலங்கின் குடலிலிருந்து எடுத்த நுண்ணிழையால் தைக்கும் முறையையும் விவரிக்கிறார். எறும்பு முறை சுசுருத சம்ஹிதையிலும் உண்டு.

இக்காலப் பசைகளின் வரலாறும் இதே பாடத்தைத் தருகிறது. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கியின் குறிநோக்கிக்குரிய பிளாஸ்டிக்கைத் தேடியபோது சயனோஅக்ரிலேட் எதிர்ப்பட்டது. அதன் முதல் வடிவங்கள் ஈரத்தில் நொடியில் இறுகின. ஆயினும் இறுகுகையில் வெப்பம் எழுந்தது, விரைவில் சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளியிட்டன, திசு அழற்சியுற்றது. மூலக்கூறின் பக்கச் சங்கிலியை நீட்டியபோது சிதைவு மெதுவாயிற்று, நச்சும் குறைந்தது. அவ்வாறு அமைந்த ஆக்டைல் வகைக்கு 1998இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அதனையும் மேல்தோலின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து மேலே பூச வேண்டுமேயன்றிக் காயத்தினுள் இடலாகாது.

மனித இரத்தத்தின் உறைபொருளாலான ஃபைப்ரின் பசை உடலுக்கு இயல்பானதே. எனினும் பலருடைய இரத்தத்தைத் திரட்டி எடுத்த ஃபைப்ரினோஜென் வழியே கல்லீரல் அழற்சி நோய் பரவியதால், 1977இல் அமெரிக்காவில் அதன் உரிமம் திரும்பப் பெறப்பட்டது. வைரஸை அழிக்கும் முறைகள் வந்த பின்னரே, 1998இல் ஃபைப்ரின் பசைக்கு அங்கு ஒப்புதல் கிடைத்தது. முன்னதில் தீங்கு வேதியமைப்பிலிருந்தும், பின்னதில் மூலப்பொருளிலிருந்தும் வந்தது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. அவை சாதனங்களை அபாயத்திற்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. விதிகள் இருப்பினும், கடையில் விற்கும் உடனொட்டும் பசையை வெட்டுக்காயத்தில் இடுவது தகாது. அது கிருமி நீக்கப்பட்டதன்று, திசுவுக்கென அமைந்ததுமன்று. மருத்துவரிடத்தில் நாம் கேட்க வேண்டியவை மூன்று: இப்பசை எதிலிருந்து வந்தது? உடலின் எவ்விடத்திற்கு ஒப்புதல் பெற்றது? சிதையும்போது எதுவாக மாறும்?