சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி நிறுத்தினால்

இந்த எபிசோட்ல ஒரு சின்னக் கட்டணத்தோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். கடைத்தெருவில் வண்டி நிறுத்துவதற்கான காசு, அதுவும் சாயங்காலத்துக்கு மேல.

வண்டி நிறுத்தக் காசு வாங்குவது நமக்குப் புதுசு இல்லை. மாட்டுவண்டி காலத்தில் ஊருக்கு ஊர் வண்டிப்பேட்டை இருந்தது. வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தை 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே கொடுத்தது.

பார்க்கிங் மீட்டர் வந்தது அமெரிக்காவில். 1935 ஜூலை 16 அன்று ஓக்லஹோமா சிட்டியில் முதல் மீட்டர் வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். காலையில் வேலைக்கு வருபவர்கள் கடை வாசலில் காரை விட்டால் நாள் முழுக்க எடுப்பதில்லை. பொருள் வாங்க வருபவர்களுக்கு இடமே இல்லை. அதற்குத்தான் மீட்டர். சாயங்காலம் கடை மூடியதும் இந்தப் பிரச்சினையும் முடிந்தது. அதனால் பல ஊர்களில் இரவில் கட்டணம் கிடையாது.

இப்போ நம்ம பக்கம் வாங்க. ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, வெயில் தாழ்ந்த பிறகுதான் கடைத்தெரு களைகட்டும். அங்கே மாலைக் கட்டணம் என்றால், அது முக்கியமான வியாபார நேரத்திலேயே கை வைக்கிற விஷயம்.

அப்படிக் கை வைத்த இரண்டு ஊர்களின் கதையைப் பார்ப்போம்.

முதலாவது, கலிபோர்னியாவின் பழைய பாசடினா. 1993இல் அங்கே மீட்டர் வைக்கப் போனபோது, வாடிக்கையாளர்கள் வர மாட்டார்கள் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஆனால் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றவற்றில் பல, கடை ஊழியர்களின் கார்கள்தான்! வசூலாகும் பணம் அதே தெருக்களுக்குச் செலவாகும் என்று நகர நிர்வாகம் சொன்னதும் எதிர்ப்பு அடங்கியது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மீட்டர் ஓடியது. அந்தப் பணத்தில் நடைபாதை, விளக்கு, மரம் எல்லாம் வந்தது. வியாபாரமும் ஏறியது. பழைய கட்டடங்களைப் புதுப்பித்ததற்கும் அதில் பங்கு உண்டு, மீட்டர் மட்டுமே காரணம் இல்லை.

இரண்டாவது, லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர். நாடக அரங்கங்களும் உணவகங்களும் நிறைந்த வெஸ்ட் எண்டில் நள்ளிரவு வரைக்கும், ஞாயிறு மதியமும் கட்டணம் வாங்க 2011இல் கவுன்சில் திட்டமிட்டது. உணவகக்காரர்கள், நாடகக்காரர்கள், தேவாலயங்கள் என எல்லோரும் எதிர்த்தார்கள். ‘இரவு வாழ்க்கைக்கு வரி’ என்று பெயரே விழுந்தது. பரிமாறும் ஊழியரும் இசைக் கலைஞரும் வேலை முடிக்கும்போது நடுநிசி. அந்த நேரத்துக்கு மேல் ரயில் கிடைப்பது அப்போது கஷ்டம். டிசம்பரில் உயர் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்திவைத்தது. 2012 ஜனவரியில் கவுன்சில் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார், திட்டமும் கைவிடப்பட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு கேள்விகள் மிஞ்சும். வசூலாகும் காசு எங்கே போகுது? வண்டி இல்லாம வீடு போக வழி இருக்கா?

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்து, காருக்கான இடத்தைக் குறைத்தார்கள். அங்கே இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கு. தி.நகர் பேருந்து நிலையமும் மாம்பலம் ரயில் நிலையமும் நடக்கும் தூரம்தான்.

இப்போ ஆலங்குளத்தை எடுத்துக்கோங்க. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, சிமெண்ட் ஆலை இருக்கே, அந்த ஊர். அங்கிருந்து ராஜபாளையம் ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வரும் ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. கடை அடைத்து, கணக்கு முடித்து வெளியே வரும்போது ஊருக்குப் பஸ் இல்லையென்றால் பைக்தான் கதி. அவரிடம் தினமும் மணிக்கணக்கில் காசு வாங்கினால் நெரிசல் குறையாது. அவர் சம்பளம்தான் குறையும்.

அவருக்கு ஒரு மாதாந்திர பாஸும், இரவு பத்து மணிக்கு ஒரு டவுன் பஸ்ஸும் கொடுத்துவிட்டு அப்புறம் ரசீது புத்தகத்தை எடுக்கட்டும். உங்க ஊர்க் கடைத்தெருவில் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.