மூணாறு: கூடை சுமந்தவர்களின் வரலாறு

போடிமெட்டு வழியாக மூணாறுக்கு ஏறும்போது சாலையின் இருபுறமும் தேயிலைச் சரிவுகள் தொடங்கிவிடுகின்றன. வண்டிகள் நிற்கின்றன, பயணிகள் படமெடுக்கிறார்கள். படத்தில் தூரத்துப் புள்ளிகளாகச் சில பெண்கள் விழுகிறார்கள். அந்தப் புள்ளிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஊரின் சுற்றுலாக் கையேடுகளில் அதற்கு இடமில்லை.

கையேடுகள் சொல்லும் கதை ஆண்களின் கதை. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய ஜான் டேனியல் மன்றோ, அவருக்குப் பின் வந்த கம்பெனிகள், தோட்டத் துரைகள், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடி 1924 வெள்ளத்தில் அழிந்துபோன ரயில். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கைகளைப் பற்றி அங்கே ஒரு வரிக்கு மேல் இருக்காது. கங்காணிகள் கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மலையேறிய குடும்பங்கள் அவை. பெரும்பாலோர் தலித்துகள். கீழே நிலமில்லை, மேலேயும் நிலம் கிடைக்கவில்லை. கிடைத்தது லயத்தில் ஒரு வீடு. அதுவும் வேலை இருக்கும்வரைதான்.

ஊருக்குள் சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்கு மேலே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே முதலில் புதைக்கப்பட்டவர் தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவி எலினோர். 1894இல் காலராவில் இறந்தார். தேவாலயமே 1910இல்தான் கட்டத் தொடங்கப்பட்டது. கல்லறை அதற்கு முந்தையது. அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்கு அந்தப் பெண்மீது இரக்கம்தான் வந்தது. கணவனின் வேலைக்காகக் கடல் கடந்து வந்து, தெரியாத மலையில் இறந்துபோனவள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை: காலரா லயங்களுக்குப் போகவில்லையா? அங்கே இறந்த பெண்களின் கல் எங்கே? ஒரு துரையின் மனைவியாக இருந்ததால் ஒருத்திக்குப் பெயர் மிஞ்சியது. கூலியின் மனைவியாகவும் கூலியாகவும் இருந்தவர்களுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் பெயரில்லாதவர்களின் பேத்திகள்தான் 2015 செப்டம்பரில் மூணாறு நகரச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதமாக இருந்த போனஸை நிர்வாகம் 10 சதவீதமாகக் குறைத்தது. அன்றைய நாள்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. ஆயிரக்கணக்கில் திரண்ட பெண்கள் தங்களைப் ‘பெம்பிளை ஒருமை’ என்று அழைத்துக்கொண்டார்கள். தமிழும் மலையாளமும் கலந்த தோட்டப் பேச்சிலிருந்து வந்த பெயர் அது.

அவர்கள் எதிர்த்தது நிர்வாகத்தை மட்டுமல்ல. கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள். சங்கத்தில் தலைமை தாங்கியது ஆண்கள். பேச்சுவார்த்தை மேசையில் கூடை சுமக்கும் ஒருத்திகூட இல்லாமலேயே ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி வந்தன. அதனால்தான் எல்லாக் கொடிகளின் சங்கத் தலைவர்களையும் அவர்கள் விரட்டினார்கள். கூடை சுமப்பது நாங்கள், பணப்பை சுமப்பது நீங்களா என்பதே அவர்களின் முழக்கங்களின் சாரம். லிசி சன்னி, கோமதி போன்றவர்கள் தலைவர்களாக உருவானதும் அந்தச் சாலையில்தான்.

ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. கூலி பின்னர் 301 ரூபாயானது. ஆனால் அதற்காக ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவும் ஏற்றப்பட்டது. ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொள்ளும் கணக்கு இது. 2017இல் அமைச்சர் ஒருவர் இந்தப் பெண்களின் போராட்டத்தைக் கொச்சைப்படுத்திப் பேசினார். கூலி கேட்கும் பெண்ணின் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்பது பழைய ஆயுதம். அவர்கள் மறுபடியும் அதே ஊரில் உட்கார்ந்தார்கள்.

இயக்கம் பிறகு பிளவுபட்டது, வலுவிழந்தது. அதைத் தோல்வி என்று முடித்துவிடுவது எளிது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர். தலைமுறைகளாக உழைத்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாததால் அந்தச் சரிவின் கீழ் தூங்கியவர்கள். சாலையில் பெண்கள் எழுப்பிய கேள்வியும், மண்ணுக்குள் போன அந்த வீடுகளும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை: இந்த மலையை உண்டாக்கியவர்களுக்கு இதில் என்ன பங்கு?

அடுத்த முறை மூணாறு போகிறவர்கள் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பாருங்கள், பார்க்க வேண்டியவைதான். பிறகு வெளியே வந்து, எடையிடும் இடத்தில் கூடையோடு வரிசையில் நிற்கும் பெண்களையும் பாருங்கள். படமெடுப்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள். தமிழில் கேட்டாலே போதும்.