பனங்காட்டு ஆந்தைக் குஞ்சுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் ஆந்தையின் வரலாறு பனையின் வரலாற்றோடு பின்னியது. சாயல்குடி, கடலாடி, திருப்புல்லாணி, உச்சிப்புளி வட்டாரங்களின் மணற்பாங்கான நிலத்தில், பறவை பொந்து வைக்கும் அளவுக்குப் பருத்த மரங்கள் குறைவு. அந்தக் குறையை மொட்டைப் பனை தீர்த்துவந்தது. குருத்து பட்டுப்போன பனையின் கொண்டை உதிர்ந்தபின் தண்டின் உட்சோறு மழையில் மக்கி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குழி விழும். வெளி வயிரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விறகுக்குக்கூட உதவாதென்று விடப்பட்ட அந்தத் தண்டில்தான் கிளியும் மைனாவும் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் முட்டையிடுகின்றன. உருவில் பெரிய கூகை பாழடைந்த கட்டடங்களையும் பழைய கோபுரங்களின் இடுக்குகளையும் கூடுதலாக நாடுவது.

தமிழர் இந்தப் பறவைகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சங்கப் பாடல்களே முதற்சான்று. நற்றிணையின் 83ஆம் பாடலில் தோழி, ஊர்த்துறை அருகே கடவுள் உறையும் முதுமரத்தில் வாழும் கூகையிடம் நேராகவே பேசுகிறாள். நெய்யிட்ட ஊன்சோறும் சுட்ட வெள்ளெலியும் தருவதாகச் சொல்லி, தலைவன் வரும் இரவில் குழறி ஊரை எழுப்பிவிடாதே என்று வேண்டுகிறாள். வளைந்த அலகு, கூர்நகம், எலி மீதுள்ள விருப்பம் எல்லாம் பிழையின்றி அதில் பதிவாகியுள்ளன. பறவையை அருகிருந்து பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும். புறநானூற்றின் 364ஆம் பாடலோ கூகையைத் தாழிகள் புதைந்த இடுகாட்டில் நிறுத்துகிறது. அதைப் பாடியவருக்குக் கூகைக்கோழியார் என்ற பெயரே அப்பறவையால் அமைந்தது.

பிற்கால ஊர்வழக்கில் நிலைத்தது இடுகாட்டுக் கூகைதான். சாக்குருவி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அலறலை எண்ணிப் பலன் சொல்லும் நிமித்தக் கணக்கும் பரவியது: ஓர் அலறலுக்குச் சாவு, இரண்டுக்குக் காரியசித்தி என்று அது நீளும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய நிமித்தங்களைப் பற்றி 1912இல் வெளியிட்ட நூலில் இக்கணக்கையும் சேர்த்தார். முத்து, சங்குக் குளிப்பை ஆராய இராமேசுவரம் கரைக்கு வந்து, மன்னார் வளைகுடாவைப் பற்றி 1890இல் எழுதியவரும் அவரே. வீட்டு முகட்டில் ஆந்தை கத்தினால் கல்லெறிந்து விரட்டும் பழக்கம் இருந்த ஊர்களில், தரையில் விழுந்த குஞ்சுக்குப் பரிவு கிடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

சட்டமும் நெடுங்காலம் துணைக்கு வரவில்லை. அதே 1912இல் ஆங்கில அரசு இயற்றிய காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தில் காடை, கவுதாரி, கொக்கு, மீன்கொத்தி, பனங்காடை ஆகியவை பட்டியலிடப்பட்டன. வேட்டைக்குரியவையும் இறகுக்கு விலைபோனவையுமே அதில் பெரும்பகுதி, ஆந்தைக்கு இடமில்லை. பனங்காடையைக் காத்த சட்டம் அதே மொட்டைப் பனையில் குடியிருந்த ஆந்தையைக் காக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில்தான் ஆந்தைகள் சேர்ந்தன. 1991 திருத்தம் வேட்டையை அறவே தடுத்தது. அட்டவணைகளை மாற்றியமைத்த 2022 திருத்தத்திலும் பாதுகாப்பு தொடர்கிறது. குஞ்சை எடுத்து வீட்டில் வளர்ப்பதும் குற்றமே.

குஞ்சு விழுவது பெரும்பாலும் பதநீர்ப் பருவத்தில். தை, மாசியில் பாளை சீவத் தொடங்கும் பனையேறிகள் காலையும் மாலையும் மரமேறும் மாதங்களே புள்ளி ஆந்தை குஞ்சு பொரிக்கும் மாதங்களும். ஆகவே எந்த மொட்டையில் கூடு இருக்கிறது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். ஆந்தை மூன்று நான்கு முட்டைகள் இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது இளையது பஞ்சுத்தூவியோடு கிடக்கும். குறுகிய பொந்தில் இரைக்கு முண்டும்போது இளையது தவறி விழக்கூடும். காற்றில் தண்டே முறிந்து விழுவதும் உண்டு.

விழுந்த குஞ்சு எல்லாமே கைவிடப்பட்டதல்ல. இறகு முளைத்து, தத்தி நடப்பது பறக்கப் பழகும் குஞ்சு. அதை நாய், பூனைக்கு எட்டாத கிளையில் வைத்தால் போதும். குரல் கேட்டுத் தாய் இரவில் இரை கொண்டுவரும். தூவி மட்டுமே உள்ளதைப் பொந்துக்குத் திருப்ப வேண்டும். பொந்து அழிந்திருந்தால், அடியில் துளையிட்ட ஓலைப்பெட்டியில் சருகிட்டு அருகிலுள்ள மரத்தில் கட்டலாம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஆந்தை குஞ்சை மோப்பத்தால் அறிவதில்லை. பாலும் சோறும் புகட்டுவதுதான் பெருங்கேடு. எலி, பூச்சியை எலும்பும் ரோமமுமாக விழுங்கி, செரிக்காததை உருண்டையாகக் கக்கும் பறவை அது. எலும்பில்லாத வெறும் இறைச்சியைக் கொடுத்தால்கூடக் குஞ்சின் எலும்பு வலுக்காது. காயம் இருந்தால் துணி மூடிய, காற்றுப் புகும் பெட்டியில் வைத்து வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

திருப்பி வைக்கப் பொந்து இருக்க வேண்டும் என்பதில்தான் இன்றைய நெருக்கடி. செங்கல் சூளைகளுக்காகப் பனைகள் பெருமளவில் வெட்டப்பட்டன. கரிமூட்டத்துக்கு உதவும் சீமைக்கருவேலம் தரிசுகளை மூடினாலும், அதன் மெலிந்த தண்டில் ஆந்தைக்குப் பொந்து அமைவது அரிது. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. காய்க்கும் பனைக்கு இணையாக மொட்டைப் பனையையும் விட்டுவைத்தால்தான் ஆந்தைக்கு அந்தக் காப்பு முழுமையாகச் சேரும். வயலில் எலியை அடக்க ஆந்தை வந்தமரக் குச்சி நடுமாறு வேளாண்துறை இப்போது உழவர்களுக்குச் சொல்கிறது. அங்கு வந்தமரும் ஆந்தைகளில் பல வரப்போரத்து மொட்டைப் பனையில் பொரிந்தவையாக இருக்கலாம்.