சிவகாசிக் கலகமும் வன்செயலின் உளப்பாங்கும்

வன்செயல் புரிவோரைப் பித்தர் என்றோ பிறவிக் கொடியர் என்றோ கூறி அமைதியடைதல் எளிது. சிவகாசிக் கொள்ளை என மக்கள் வழங்கும் 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சி அவ்விளக்கம் போதாதென்பதைக் காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் சமூகத்தார் பேட்டைகள் அமைத்து, மகமை திரட்டி, வாணிகத்தால் உயர்ந்தனர். எனினும் கோயில் வாயில் அவர்களுக்கு அடைபட்டேயிருந்தது. 1897இல் கமுதியில் அவர்களுள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்துள் சென்று வழிபட, பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். சிவகாசியிலும் ஆலய நுழைவு பற்றிய பூசல் முற்றியது. 1899 ஜூன் 6ஆம் நாள், சுற்றுப்புறச் சிற்றூர்களினின்று ஏறத்தாழ 5,000 பேர் திரண்டு நகரைத் தாக்கினர். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. உயிர்கள் பல மாய்ந்தன.

திரண்டோருள் பெரும்பாலோர் மறவர். பிற சாதியாரும் உடனிருந்தனர். மறவரின் வழிவழி வந்த காவலுரிமை ஆங்கிலேயர் ஆட்சியில் தேய்ந்திருந்தது. தாம் தாழ்வதையும், தமக்குக் கீழென எண்ணியோர் உயர்வதையும் அவர்கள் ஒருங்கே கண்டனர். வறுமையினும் மதிப்பிழப்பே மனத்தை மிகுதியாய் எரிக்கும். அக்கசப்புடன், ஆலயத் தூய்மையைக் காக்கிறோம் என்னும் எண்ணமும் சேர்ந்தபோது கொடுமை கடமையாய்த் தோன்றிற்று. சந்தையில் நாளும் கண்ட அயலானின் முகம் மறைந்து, சாதிப்பெயர் மட்டும் எஞ்சிற்று.

திருமறை மாணவர்க்கு இது புதிதன்று. ஸ்தேவானைக் கல்லெறிந்தோரின் வஸ்திரங்களைக் காத்து நின்ற சவுல் பக்தி வைராக்கியமுள்ள வாலிபன். ஒரு கல்லும் எறியாமலே அவன் கொலைக்கு உடன்பட்டான்.

திருச்சபையும் தன்னை ஆராய்தல் வேண்டும். அத்தியட்சர் கால்டுவெல் நாடார் சமூகத்தைப்பற்றி 1849இல் வெளியிட்ட நூல் அவர்களை இழிவாக வருணித்தது. பிற்காலத்தில் கிறிஸ்தவ நாடார்களே அதனைக் கண்டித்தனர். அந்நூல் கலகத்தை விளைத்ததென்று நாம் கூறவில்லை. எனினும், ஊழியத்தில் உழைத்தவரின் எழுதுகோலும் இகழ்ச்சிக்குத் துணைபோகக்கூடும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கமுதி வழக்கு 1908இல் பிரிவி கவுன்சிலில் நாடாருக்கு எதிராக முடிந்தது. 1939இல் மதுரை மீனாட்சி ஆலயத்துள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றார். அவ்வாண்டே சட்டமும் அதற்குக் காப்பளித்தது. கதவைச் சட்டம் திறந்தது. உள்ளத்தின் கசப்பை ஆற்றும் பணி போதகருடையது. அக்கசப்பு தெய்வத்தின் பெயரை ஏற்குமுன் அதனைச் செவிசாய்த்துக் கேட்பதும், அயலானின் முகத்தை நினைப்பூட்டுவதும் பிரசங்க பீடத்தில் நிற்கும் நம் கடமையாகும்.